டிகிரியில் மார்க் குறைவு, எம்பிஏ வேண்டும்: கணக்கை எங்கிருந்து தொடங்குவது?

முதலில் கன்சாலிடேட்டட் மார்க் ஷீட்டை எடுத்து மேசைமேல் வையுங்கள். கூடவே ஒரு கால்குலேட்டர். "எனக்கு 52 சதவீதம்" என்று சொல்லித் திரிபவர்களில் பலருக்கு உண்மையான சதவீதம் 52 கிடையாது. சிலருக்கு 49, சிலருக்கு 55. எம்பிஏ சேர்க்கையில் 49.9 என்றால் சில இடங்களில் விண்ணப்பத்தைத் திறந்துகூடப் பார்க்க மாட்டார்கள். அதே 55-ஐ வைத்துக்கொண்டு நல்ல கல்லூரியில் உட்கார்ந்திருப்பவர்களும் உண்டு. ஆகவே கணக்குப் போடாமல் கவலைப்படவும் வேண்டாம், தைரியப்படவும் வேண்டாம்.

பார்ட் 3-ஐ மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர், பொன்னமராவதி பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜ்களில் படித்தவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். பார்ட் 1 தமிழ், பார்ட் 2 ஆங்கிலம், பார்ட் 3 மேஜரும் அலைடும், பார்ட் 4 சுற்றுச்சூழல் மாதிரியான சின்னப் பேப்பர்கள், பார்ட் 5 என்எஸ்எஸ் வகையறா. கிளாஸ் பார்ட் வாரியாகப் போடுவார்கள். வீட்டில் "செகண்ட் கிளாஸில் பாஸ்" என்று சொல்வது பார்ட் 3-ஐ வைத்துத்தான்.

ஒரு பி.காம். மார்க் ஷீட் இப்படி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பார்ட் 3-ல் 2,300-க்கு 1,196. அதாவது 52 சதவீதம். தமிழில் 400-க்கு 184, ஆங்கிலத்தில் 400-க்கு 168. மூன்றையும் கூட்டினால் 3,100-க்கு 1,548. சதவீதம் 49.94. பார்ட் 3-ஐ மட்டும் வைத்துப் பார்த்தால் தகுதி உண்டு. மொத்தத்தை வைத்துப் பார்த்தால் 50-ஐத் தொடவில்லை. அந்த 49.94-ஐ 50 என்று நீங்களாக முழுமையாக்கி விண்ணப்பத்தில் எழுதிவிடக் கூடாது. சான்றிதழ் சரிபார்ப்பில் சீட்டைப் பறிகொடுப்பவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் மாட்டுகிறார்கள்.

எந்தெந்தப் பார்ட் மொத்தத்தில் சேரும் என்பது உங்கள் பல்கலைக்கழகத்தின் வழக்கத்தைப் பொறுத்தது. ஐஐஎம் போன்ற மேலாண்மைக் கல்லூரிகளுக்கான நுழைவுத் தேர்வான கேட் (CAT) விதியும் அதையேதான் சொல்கிறது: பல்கலைக்கழகம் எப்படிக் கணக்கிடுகிறதோ, அதுதான் சதவீதம். எனவே தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதி, சதவீதச் சான்றிதழ் ஒன்று வாங்கிவிடுங்கள். ஜூன் மாதமே எழுதுங்கள். ஆகஸ்டில் கேட் விண்ணப்பம் திறந்த பிறகு அலைந்தால் கடைசி வாரம் வரை கையில் தாள் வந்து சேராது.

சிஜிபிஏ உள்ளவர்களுக்கு இன்னொரு குழப்பம். அண்ணா பல்கலைக்கழகத்தில் சிஜிபிஏ-வைப் பத்தால் பெருக்கினால் சதவீதம், 6.1 என்றால் 61. உங்கள் பல்கலைக்கழகத்துக்கு என்று மாற்று வாய்பாடு எதுவும் இல்லையென்றால், வாங்கிய சிஜிபிஏ-வை அதிகபட்ச சிஜிபிஏ-வால் வகுத்து நூறால் பெருக்கச் சொல்கிறது கேட். சிபிஎஸ்இ பத்தாம் வகுப்புக்குச் சொல்லப்பட்ட 9.5 பெருக்கலை டிகிரிக்கும் போட்டுக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். போடாதீர்கள்.

இதே உட்காரலில் இன்னொரு வேலையையும் முடித்துவிடுங்கள். செமஸ்டர் வாரியாகச் சதவீதத்தை வரிசையாக ஒரு தாளில் எழுதுங்கள். 44, 46, 45, 52, 60, 63 என்று ஏறுகிற வரிசையும், 63, 60, 52, 45, 46, 44 என்று இறங்குகிற வரிசையும் கூட்டிப் பார்த்தால் ஒன்றுதான். விண்ணப்பத்தைப் படிப்பவருக்கு ஒன்றல்ல. ஏறுவரிசை இருந்தால் அது உங்கள் கையில் ஏற்கெனவே இருக்கும் முதல்.

50, 45, ஒன்றுமில்லை

கேட் எழுத டிகிரியில் 50 சதவீதம் வேண்டும். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளிகளுக்கு 45. இங்கேதான் நம் ஊர்ப் பிள்ளைகள் வழக்கமாகத் தடுக்கி விழுகிறார்கள்: கேட்டில் ஓபிசி பிரிவுக்கு இந்த 5 சதவீதச் சலுகை கிடையாது. சீட்டில் இட ஒதுக்கீடு உண்டு. தகுதி மார்க் என்னவோ 50-தான். தமிழ்நாட்டுக் கல்லூரிகளின் எம்பிஏ சேர்க்கைக்கான டான்செட் நுழைவுத் தேர்வில் நிலைமை வேறு. பொதுப் பிரிவுக்கு 50, பிசி, எம்பிசி உட்பட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 45. மேலே பார்த்த 49.94 மாணவர் பிசி என்றால் கேட்டில் நிற்க முடியாது, டான்செட்டில் தாராளமாக நிற்கலாம்.

50-க்குக் கீழே இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இன்னொன்று சாட் (XAT). எக்ஸ்எல்ஆர்ஐ என்கிற மேலாண்மைக் கல்லூரி நடத்தும் இந்தத் தேர்வு ஜனவரியில் வரும். அங்கீகரிக்கப்பட்ட மூன்று வருட டிகிரி இருந்தால் எழுதலாம். டிகிரியில் இத்தனை சதவீதம் என்று கட்டாயம் இல்லை. ஆனால் சாட் மதிப்பெண்ணை ஏற்கிற மற்ற கல்லூரிகள் தங்களுக்கென்று 50 கேட்கலாம். ஒவ்வொன்றாகப் பார்த்துத்தான் பணம் கட்ட வேண்டும். ஐதராபாத்திலும் மொகாலியிலும் இருக்கும் ஐஎஸ்பி (இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ்) நடத்தும் பிஜிபி என்கிற மேலாண்மைப் படிப்புக்கும் டிகிரி மார்க்கில் கீழ்வரம்பு இல்லை. இரண்டு வருட வேலை அனுபவமும் ஜிமேட் அல்லது ஜிஆர்இ என்கிற பன்னாட்டு நுழைவுத் தேர்வின் மதிப்பெண்ணும் கேட்பார்கள். வெளிநாட்டுக் கல்லூரிகளில் பெரும்பாலானவையும் இப்படித்தான்.

சிஏ, சிஎம்ஏ, சிஎஸ் முடித்தவர்களுக்குக் கேட்டில் ஒரு தனி வழி உண்டு. அந்தத் தொழில்முறைத் தேர்வைத் தேவையான சதவீதத்தோடு முடித்திருந்தால் அதையே தகுதியாகக் காட்டலாம். பி.காம்.-ல் 48 வாங்கிவிட்டு ஆடிட்டர் ஆபீஸில் ஆர்ட்டிகிள்ஷிப் போனவர்களுக்கு இது பெரிய விஷயம்.

பாஸான பேப்பரைத் திரும்ப எழுதி மார்க் ஏற்றலாமா என்று கேட்பார்கள். பல பல்கலைக்கழகங்களில் முடியாது. உங்கள் வருடத்து ரெகுலேஷனில் இம்ப்ரூவ்மென்ட் என்ற சொல் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். இல்லையென்றால் அந்த யோசனையை அன்றே விட்டுவிடுங்கள்.

மார்க் எங்கே கனக்கிறது, எங்கே கனக்கவில்லை

தகுதி இருக்கிறது என்பது ஒன்று, அந்த மார்க்குக்கு எத்தனை எடை போடுகிறார்கள் என்பது வேறொன்று. டான்செட் முடிந்து கோவை அரசு தொழில்நுட்பக் கல்லூரி நடத்தும் கலந்தாய்வுக்குப் போனால், உங்கள் தரவரிசையை முடிவு செய்வது டான்செட் மதிப்பெண். டிகிரியில் 51 வாங்கியவரும் 81 வாங்கியவரும் அங்கே ஒரே வரிசையில்தான் நிற்கிறார்கள். மார்க் குறைந்தவருக்குத் தமிழ்நாட்டில் இதைவிட நேரான பாதை இல்லை. ஆனாலும் எத்தனையோ பேர் டான்செட்டை இரண்டாம் பட்சமாக வைத்துவிட்டு, கேட்டுக்கே ஒரு வருடத்தைக் கொடுத்துவிடுகிறார்கள்.

ஐஐஎம்களில் அப்படியில்லை. அகமதாபாத்தும் பெங்களூரும் பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்பு, டிகிரி மூன்றையும் கணக்கில் எடுக்கின்றன. வேறு சில நிறுவனங்களில் டிகிரியைவிடப் பள்ளி மார்க்குக்கு எடை கூட. ஒவ்வொரு ஐஐஎம்மும் வருடாவருடம் சேர்க்கைக் கொள்கையைத் தன் தளத்தில் வெளியிடும். அதில் எடைப்பட்டியலை மட்டும் எடுத்து, உங்கள் எண்களைப் போட்டுப் பாருங்கள். பத்தாம் வகுப்பில் 94, பன்னிரண்டில் 91, டிகிரியில் 54 என்றால் பள்ளி மார்க்குக்கு எடை தரும் இடங்களாகத் தேடுங்கள். மூன்றும் ஐம்பதுகளில் இருந்தால் நுழைவுத் தேர்வுக்கும் அனுபவத்துக்கும் எடை தரும் இடங்கள். நண்பன் எங்கே போட்டான் என்று பார்த்துப் போடுவதைப் போல வீண்செலவு கிடையாது.

ஜெர்மனி பற்றி இப்போதெல்லாம் நிறையப் பேர் விசாரிக்கிறார்கள், அங்கே பொதுப் பல்கலைக்கழகங்கள் பலவற்றில் கல்விக் கட்டணம் இல்லை என்பதால். அங்கே நம் மார்க்கை ஒரு சூத்திரத்தில் போட்டு மாற்றுவார்கள்: அதிகபட்ச மார்க்கில் இருந்து நீங்கள் வாங்கியதைக் கழித்து, அதை அதிகபட்சத்துக்கும் பாஸ் மார்க்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்ட வேண்டும். பாஸ் மார்க் 40, நீங்கள் வாங்கியது 55 என்றால் விடை 3.25. அங்கே எண் குறையக் குறையத்தான் நல்லது. பல படிப்புகளில் 2.5-க்குள் கேட்பார்கள், அதற்கு இங்கே 70 சதவீதம் வாங்கியிருக்க வேண்டும். ஆகவே 55-ஐ வைத்துக்கொண்டு ஜெர்மன் பொதுப் பல்கலைக்கழகங்களுக்கு விண்ணப்பக் கட்டணம் கட்டும் முன் இந்தக் கணக்கைப் போட்டுவிடுங்கள்.

அமெரிக்கக் கல்லூரிகளுக்கு நேர் எதிரான எச்சரிக்கை. 55-ஐ 25-ஆல் வகுத்து 2.2 ஜிபிஏ என்று நீங்களாக எழுதிக்கொடுத்துத் தலையில் மண்ணை வாரிப் போட்டுக்கொள்ளாதீர்கள். பெரும்பாலான எம்பிஏ விண்ணப்பங்கள் உங்கள் பல்கலைக்கழகம் தந்த அளவுகோலிலேயே மார்க்கைப் போடச் சொல்கின்றன. இந்தியப் பல்கலைக்கழகங்களில் 60 முதல் வகுப்பு என்பது அவர்களுக்குத் தெரியும்.

எதிர்ப்பதிவு

கணக்கு எழுதுகிற வீடுகளில் ஒரு விதி உண்டு. பேரேட்டில் எழுதியதை அழிக்கக் கூடாது. பிழை என்றால் வேறொரு நாளில் எதிர்ப்பதிவு போட்டுத்தான் நேர் செய்ய வேண்டும். செட்டிநாட்டில் பெட்டியடியில் உட்கார்ந்து பழகிய பெரியவர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். டிகிரி மார்க்கும் அப்படி எழுதப்பட்ட ஒரு பதிவு. அதற்குச் சமாதானம் சொல்லி அழிக்க முடியாது. புதிய தேதியில், புதிய எண்ணோடு, எதிர்ப்பக்கத்தில் ஒரு பதிவு வர வேண்டும். அதற்கு மூன்று இடங்கள் உண்டு: நுழைவுத் தேர்வு, புதிய படிப்பு, வேலை.

நுழைவுத் தேர்வு பெரியது. உங்கள் மார்க் எந்தப் பாடத்தில் விழுந்ததோ, அதே இடத்தில் மதிப்பெண் எழ வேண்டும். இன்ஜினியரிங்கில் எம்1, எம்2-வில் அரியர் வைத்தவர் கணிதப் பகுதியில் நல்ல பெர்சென்டைல் (எழுதியவர்களில் எத்தனை சதவீதத்தினரை முந்தினார் என்கிற எண்) எடுத்தால் கேள்வி அங்கேயே அடங்கிவிடும். அதே ஆள் மொத்தத்தில் நன்றாக எடுத்து, கணிதத்தில் மட்டும் சரிந்தால் மார்க் ஷீட்டில் இருந்த சந்தேகம் உறுதிப்படுகிறது.

தேர்வுகளின் அமைப்பைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டான்செட் எம்பிஏ இரண்டு மணி நேரம், 100 கேள்வி, சரிக்கு 1, தவறுக்கு மூன்றில் ஒரு பங்கு கழிவு. கேட்டும் இரண்டு மணி நேரம்தான்; ஆனால் 40 நிமிடம் வீதம் மூன்று பகுதி, ஒன்றில் மிச்சமான நேரத்தை இன்னொன்றுக்கு எடுத்துப் போக முடியாது. சரிக்கு 3, தவறுக்கு 1 கழிவு, விடையைத் தட்டச்சு செய்யும் கேள்விகளுக்குக் கழிவில்லை. சில தனியார் மேலாண்மைக் கல்லூரிகள் ஏற்கும் என்மேட் தேர்வில் தவறுக்குக் கழிவே இல்லை, ஒரே பருவத்தில் மூன்று முறை வரை எழுதலாம்; பதற்றத்தில் முதல் முறை சொதப்புபவர்களுக்கு ஏற்றது. ஜிமேட் இப்போது 2 மணி 15 நிமிடம், 64 கேள்வி, மதிப்பெண் 205 முதல் 805 வரை. பழைய ஜிமேட்டின் 700-க்கு இணையாக இப்போது 645-ஐச் சொல்லலாம். டிகிரி ஐம்பதுகளில் இருப்பவர் அதற்குக் கீழே இலக்கு வைக்க வேண்டாம். மதிப்பெண்ணைப் பார்த்த பிறகு எந்தக் கல்லூரிக்கு அனுப்புவது என்று முடிவு செய்யலாம், ஐந்து வருடம் செல்லும். 12 மாதத்தில் ஐந்து முறை எழுதலாம், ஒவ்வொன்றுக்கும் நடுவில் 16 நாள் இடைவெளி வேண்டும்.

படிக்கும்போது ஒரு தவறு நோட்டு போடுங்கள். 80 பக்க நோட்டுப் போதும். மாதிரித் தேர்வில் தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு வரி. நடுவில் மூன்று கட்டம்: "தெரியாது", "தெரிந்தும் தவறு", "நேரம் போதவில்லை". நான்கு மாதிரித் தேர்வு முடிந்ததும் கட்டங்களைக் கூட்டுங்கள். முதல் கட்டம் அதிகம் என்றால் பாடத்துக்குத் திரும்புங்கள், மாதிரித் தேர்வை நிறுத்துங்கள். இரண்டாவது அதிகம் என்றால் எழுத்து வேலையில் ஓட்டை. மனக்கணக்கைக் குறைத்துத் தாளில் போடுங்கள். மூன்றாவது அதிகம் என்றால் எந்தக் கேள்வியை விடுவது என்று பழக வேண்டும். எல்லோரும் எல்லாவற்றுக்கும் "இன்னும் நாலு மாக் டெஸ்ட் எழுதினால் சரியாகிவிடும்" என்கிறார்கள். முதல் வகைக்காரருக்கு அது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற வேலை.

தமிழ் வழியில் படித்து வந்தவர்களுக்கு ஆங்கிலப் பகுதி ஆறு மாதத்தில் நிமிரும், மூன்று மாதத்தில் நிமிராது. தினம் ஒரு ஆங்கிலத் தலையங்கம், அதை மூன்று வரியில் சுருக்கி எழுதுவது, இதுதான் மருந்து. சொற்பட்டியலை மனப்பாடம் செய்வது நேர விரயம். கேட்டில் நேரடியாகச் சொற்பொருள் கேட்பதே அரிது.

புதிய மார்க் வேண்டும்

தேர்வு மதிப்பெண் உங்கள் திறமைக்குச் சாட்சி. பன்னிரண்டு வாரம் ஒழுங்காக உட்கார்ந்து படிப்பீர்களா என்பதற்கு அது சாட்சி ஆகாது. டிகிரி மார்க் எழுப்பும் சந்தேகமோ அந்த இரண்டாவது விஷயத்தில்தான். அதற்குச் செலவு குறைந்த பதில் என்பிடெல். ஐஐடிக்கள் நடத்தும் இந்த இணையவழிப் படிப்புகள் 4, 8, 12 வாரக் கணக்கில் வரும். படிப்பது இலவசம். சான்றிதழ் வேண்டுமென்றால் மட்டும் தேர்வுக்குப் பணம் கட்டி, நேரில் மையத்துக்குப் போய் எழுத வேண்டும். நேரில் எழுதுவதால்தான் அதற்கு மதிப்பு. வாராந்தர அசைன்மென்ட்டுக்கு 25, தேர்வுக்கு 75. 60-க்கு மேல் எலைட், 75-க்கு மேல் எலைட் சில்வர், 90-க்கு மேல் எலைட் கோல்டு. புள்ளியியல், நிதிக் கணக்கியல், நுண்பொருளியல் இந்த மூன்றில் இரண்டை எடுத்து 75-க்கு மேல் வாங்குங்கள். "தலைமைப் பண்பு", "தன்னம்பிக்கை" என்கிற மாதிரிப் படிப்புகள் 20 சேர்த்தாலும் எதிர்ப்பதிவு ஆகாது. அவற்றில் யாரும் ஃபெயில் ஆவதில்லை என்பது படிப்பவருக்குத் தெரியும்.

வெளிநாட்டு விண்ணப்பம் என்றால் ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூல் ஆன்லைன் நடத்தும் கோர் என்கிற படிப்பும் உண்டு. வணிகப் பகுப்பாய்வு, பொருளியல், நிதிக் கணக்கியல் மூன்றும் அதில் வரும். செலவு அதிகம், நம் ஊர்க் கல்லூரிகளுக்கு அது தேவையில்லை.

காரைக்குடி அழகப்பா பல்கலைக்கழகத்தின் தொலைநிலைக் கல்வியில் எம்.காம். போன்ற முதுகலை ஒன்றைச் சேர்த்துச் செய்யலாமா என்றால், செய்யலாம், ஒரு நிபந்தனையோடு. வேலையும் பார்த்துக்கொண்டு 70 சதவீதம் வாங்க முடியும் என்றால் மட்டும். இரண்டாவது டிகிரியிலும் 53 வாங்கினால் பழைய பதிவை நீங்களே உறுதிப்படுத்திக் கையெழுத்துப் போட்ட மாதிரி. இன்னொன்றும் மறக்க வேண்டாம்: முதுகலை மார்க் உங்கள் இளங்கலைச் சதவீதத்தை மாற்றாது. கேட்டின் 50-க்கு அது உதவாது, நேர்முகத்தில்தான் உதவும்.

கடை அனுபவத்தைத் தாளில் கொண்டுவருவது

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு மற்றவர்களிடம் இல்லாத ஒரு சொத்து உண்டு. வீட்டிலேயே தொழில். அடகுக் கடை, ரைஸ் மில், பலகாரக் கடை, பழைய சாமான் வியாபாரம், கண்டாங்கிச் சேலை, ஆத்தங்குடிக் கல். ஆனால் விண்ணப்பத்தில் அதை எழுதும்போது "குடும்பத் தொழிலில் உதவியாக இருந்தேன்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அதைப் படிப்பவர் "சும்மா இருந்திருக்கிறார்" என்று எடுத்துக்கொள்வார்.

அனுபவம் என்று கணக்கில் வர இரண்டு வேண்டும்: ஆதாரமும் அளவும். ஆதாரத்துக்கு இன்றே செய்ய வேண்டியது, சம்பளத்தைக் கையில் வாங்குவதை நிறுத்துவது. மாதாமாதம் கடைக் கணக்கிலிருந்து உங்கள் வங்கிக் கணக்குக்கு வரட்டும். உங்கள் பெயரில் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யுங்கள். கடைக்கு ஜிஎஸ்டி பதிவும் உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுச் சான்றிதழும் இருக்கட்டும். நியமனக் கடிதத்தில் தேதி இருக்கட்டும். வருமானமே காட்டாத கடையில் நான்கு வருடம் வேலை பார்த்ததாகச் சொன்னால் எந்தச் சரிபார்ப்பும் நிற்காது. அப்பச்சி இதற்கு முகம் சுளிக்கலாம். ஆடிட்டரை வைத்துப் பேசிப் பாருங்கள்.

அளவுக்கு ஒரு உதாரணம். ஆத்தங்குடிக் கல் பட்டறையை எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணாடித் தட்டின்மேல் அச்சை வைத்து, வண்ணச் சிமென்ட் குழம்பை ஊற்றி, மேலே மணலும் சிமென்ட்டும் நிரப்பி, தண்ணீரில் ஊறப்போட்டு உலர்த்துகிற வேலை. சூளை கிடையாது. ஆகவே பணம் முடங்குவது இரண்டு இடத்தில்: ஊறலுக்கும் உலர்த்தலுக்கும் ஆகும் நாட்களில், பிறகு லாரியில் உடையும் கல்லில். இதைக் கவனித்த ஒருவர் இப்படி எழுதலாம் (எண்கள் மாதிரிக்குத்தான்): "வெளியூர் ஆர்டரில் நூற்றுக்கு 7 கல் உடைந்துகொண்டிருந்தது. படுக்கை அடுக்கை மாற்றி நிமிர்த்தி வைத்தோம், இடையில் வைக்கோல் கொடுத்தோம், ஏற்றுக்கூலியை ஊர் போய்ச் சேர்ந்த முழுக் கல்லின் எண்ணிக்கைக்குக் கொடுத்தோம். ஆறு மாதத்தில் 3 ஆனது. அந்த மிச்சத்தில் முன்பணம் வாங்காமல் எடுக்கும் ஆர்டரை இரண்டு மடங்காக்கினோம்." இதில் பிரச்சினை, காரணம், செய்த மாற்றம், விளைவு நான்கும் இருக்கின்றன. இதைவிட நல்ல நேர்முகக் கேள்விகளை உங்களுக்குக் கிளப்பித் தரும் பத்தி வேறு கிடையாது. பொய் எண் மட்டும் போடாதீர்கள், "7 என்று எப்படித் தெரியும், யார் எழுதி வைத்தார்கள்?" என்று நிச்சயம் கேட்பார்கள். சிட்டையில் இன்றே எழுதத் தொடங்குங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்கும் கல்லூரிகளுக்கு அம்மானையோ பெரியப்பாவையோ எழுதச் சொல்லாதீர்கள். சொந்தக்காரர் என்று தெரிந்ததுமே அந்தக் கடிதத்துக்கு மதிப்புப் போய்விடும். சரக்குக் கொடுக்கும் மொத்த வியாபாரி, வருடக்கணக்கில் வாங்கும் கட்டடக் கான்ட்ராக்டர், கடன் கணக்கைப் பார்க்கும் வங்கி மேலாளர், ஆடிட்டர், இவர்களில் ஒருவர் எழுதட்டும். பதவி பெரிதாக இருக்க வேண்டியதில்லை. உங்களோடு நேரில் வேலை செய்திருக்க வேண்டும், ஒரு சம்பவத்தைத் தேதியோடு சொல்ல வேண்டும்.

"ஏன் மார்க் குறைந்தது?"

வெளிநாட்டு விண்ணப்பங்களில் இதற்கென்று விருப்பக் கட்டுரை ஒன்று இருக்கும். 150 முதல் 200 சொல் போதும். என்ன நடந்தது, என்ன மாறியது, அதற்கு என்ன ஆதாரம், இந்த வரிசையில். ஆங்கிலத்தில் எழுத வேண்டியதன் சாரம் ஏறத்தாழ இப்படி இருக்கலாம்: "மூன்றாம், நான்காம் செமஸ்டரில் நான்கு பேப்பர் அரியர். அந்த வருடம் தந்தைக்கு உடல்நலம் இல்லாமல் கடையை இரவு 10 மணி வரை நான் பார்த்தேன். ஆனாலும் கல்லூரியில் நிலைமையைச் சொல்லி நேரம் கேட்காதது என் பிழை. ஐந்தாம், ஆறாம் செமஸ்டரில் 61, 64. அதற்குப் பின் என்பிடெல் புள்ளியியலில் 78." அவ்வளவுதான். "திருத்தியது சரியில்லை", "எங்கள் பல்கலைக்கழகத்தில் யாருக்குமே மார்க் போட மாட்டார்கள்", "கலை நிகழ்ச்சிகளில் ஈடுபட்டதால்" என்று தொடங்கும் கட்டுரைகள் எழுதாமலேயே இருந்திருக்கலாம். காரணம் எதுவும் இல்லை, சும்மா விளையாட்டுத்தனம் என்றால் அதையே ஒரு வரியில் சொல்லுங்கள். செத்துப்போகாத தாத்தாவைச் சாகடிக்க வேண்டாம்.

இங்குள்ள நேர்முகங்களில் இதே கேள்வி வாய்வழியாக வரும். 40 வினாடியில் பதில் முடிய வேண்டும். நீட்டினால் குழு அங்கேயே தோண்டும். அதன்பின் வருவதுதான் நிறையப் பேரைக் கவிழ்க்கிறது: டிகிரிப் பாடத்திலிருந்து அடிப்படைக் கேள்வி. மார்க் குறைந்தவரிடம் இதைக் கண்டிப்பாகக் கேட்பார்கள். பி.காம். என்றால் தேய்மானத்துக்கு ஏன் பதிவு போடுகிறோம், ஐந்தொகையில் நற்பெயர் எந்தப் பக்கம் வரும், நடப்புச் சொத்து எது. மெக்கானிக்கல் என்றால் வெப்ப இயக்கவியல் விதிகள். மூன்று பாடங்களைத் தேர்ந்து, முதல் வருடப் புத்தகத்திலிருந்து படித்துக்கொண்டு போங்கள். "எனக்கு அந்தப் பாடத்தில்தான் மார்க் குறைவு சார்" என்பது பதில் ஆகாது.

புரோக்கர் பற்றி ஒரு வார்த்தை. மார்க் குறைந்த பிள்ளைகளின் வீட்டைத் தேடிப் பிடித்து, "மேனேஜ்மென்ட் கோட்டாவில் சீட் வாங்கித் தருகிறேன்" என்று ஏப்ரல், மே மாதங்களில் வருவார்கள். பணம் கொடுக்கும் முன் அந்தப் படிப்புக்கு அந்த வருடத்துக்கு ஏஐசிடிஇ (அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் இருக்கிறதா என்று ஏஐசிடிஇ தளத்தில் நீங்களே பாருங்கள். கட்டணத்தைக் கல்லூரிக் கணக்குக்கு மட்டும் அனுப்புங்கள், ரசீது வாங்குங்கள். இடையில் நிற்பவருக்கு ஜிபே கிடையாது.

தேர்வு நாள்

கேட் நவம்பர் கடைசியில் வரும், நல்ல மழைக்காலம். மூன்று வேளைகளில் எந்த வேளை என்பது உங்கள் கையில் இல்லை. காரைக்குடியிலிருந்து மதுரைக்கும் திருச்சிக்கும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம் போல ஆகும். காலை வேளைத் தேர்வு 8:30-க்குத் தொடங்கும், அதற்கு முன்பே வாசலை அடைத்துவிடுவார்கள். மாட்டுத்தாவணியில் இறங்கி மையத்தைத் தேடுகிற நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால், விடியற்காலை பஸ்ஸை நம்புவது வேண்டாத துணிச்சல். அழைப்புச் சீட்டில் காலை வேளை என்று இருந்தால் முதல் நாள் மாலையே போய்த் தங்கிவிடுங்கள்.

ஜிமேட்டை வீட்டிலிருந்தே எழுதலாம் என்பது வசதிதான். ஆனால் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை எந்தத் தேதி என்று உங்கள் துணைமின் நிலையத்தில் கேட்டுக்கொண்டு நாளைக் குறியுங்கள். இன்வெர்ட்டர் லேப்டாப்பைக் காப்பாற்றும். மோடமும் அதே லைனில் இருக்கிறதா என்று ஒரு முறை மெயின் சுவிட்சை அணைத்துப் பாருங்கள். வளவு வைத்த பெரிய வீடு என்றால் வைஃபை சுவருக்குச் சுவர் செத்துக்கொண்டே வரும். மோடம் இருக்கும் அறையிலேயே கதவைச் சாத்திக்கொண்டு உட்காருங்கள். தேர்வு நடக்கும்போது யாராவது உள்ளே வந்தால் தேர்வையே ரத்து செய்துவிடுவார்கள். காபி கொண்டுவரும் ஆச்சியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.